மங்களத்துக்குப் பின்: பாராட்டும் இசைவாணரின் மறுமொழியும்

கர்நாடக இசைக் கச்சேரி மங்களத்தோடு நிறைவு பெறுகிறது. பாடியவர், கேட்டவர், இடமளித்தவர் என அனைவர்க்கும் நலம் வேண்டி இறுதியில் பாடப்படும் சிறு உருப்படியே மங்களம் எனப்படுகிறது. அது முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, ஸ்ருதிப்பெட்டி நிறுத்தப்பட்டு, தம்புராவுக்கு உறை மாட்டப்படும் சில நிமிடங்களில், கேட்டவர்களுள் சிலர் மேடையருகே வந்து, பாடியவரிடமோ வாசித்தவரிடமோ இரண்டொரு சொல் சொல்லிவிட்டுப் போவது சென்னைச் சபாக்களிலும் கோயில் உற்சவ மேடைகளிலும் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ‘அபாரம்’ என்றோ, ‘இன்னிக்குக் காம்போதி மனசை விட்டுப் போகாது’ என்றோ அவர்கள் சொல்வதும், அதற்கு இசைவாணர் கைகுவித்து ‘எல்லாம் குருநாதர் ஆசீர்வாதம்’ என்று மறுமொழி கூறுவதும் பார்வைக்கு வெறும் உபசாரமாகத் தோன்றலாம். ஆயினும், கலைஞருக்கும் அவைக்கும் இடையிலான உறவு எத்தகையது, ஒரு கச்சேரியின் பெருமை யாருக்கு உரியது, கலைஞரின் அடக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்னும் வினாக்கள் யாவும் அந்த ஓரிரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இச்சொற்பொழிவின் கருத்து சுருக்கமானது. பாராட்டு என்பது கேட்டவர் தம் செவியும் உள்ளமும் பெற்ற அனுபவத்துக்குத் தாமே தரும் சாட்சியம். அந்தச் சாட்சியத்தை மறுத்துரைப்பதை அடக்கம் என்று கொள்வது பிழை. அதை முழுமையாகக் கேட்டு ஏற்றுக்கொள்வதும், அதில் பிறர்க்குரிய பங்கை அவர்களிடம் சேர்ப்பதும், தம் குறையைப் பிற்பாடு சாதகத்தில், அதாவது நாள்தோறும் செய்யும் பயிற்சியில், தீர்த்துக்கொள்வதுமே இசைவாணர்க்கு உரிய மறுமொழி. இக்கருத்துக்குத் தமிழ் மரபிலேயே வலுவான அடிப்படை உண்டு.

பழந்தமிழ் மரபில் பாராட்டும் பரிசிலும்

சங்க காலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் இசையையும் ஆடலையும் தொழிலாகக் கொண்டு ஊர்தோறும் சென்றவர்கள். அவர்களுடைய கலைக்கு அவை தந்த பாராட்டு சொல்லளவில் நின்றதில்லை. பொற்றாமரைப் பூவும் பொன்மாலையும் உணவும் உடையும் பரிசிலாக வழங்கப்பட்டதைப் பத்துப்பாட்டு விரிவாகக் காட்டுகிறது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், சோழன் கரிகாலன் தன்னிடம் பரிசில் பெற்று விடைபெறும் பொருநனின் பின்னே ஏழடி நடந்து வந்து வழியனுப்புவதாகக் கூறப்படுகிறது. வேந்தன் ஒருவன் கலைஞனுக்குப் பின்னே நடப்பது, பரிசிலின் மதிப்பைக் காட்டிலும் பெரிய பாராட்டு.

இவ்விடத்தில் கருதத்தக்கது, அந்தப் பாராட்டைப் பெற்ற கலைஞன் அடுத்து என்ன செய்தான் என்பதே. அவன் தன் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கவில்லை. பெற்றதற்குத் தான் தகுதியற்றவன் என்று மறுக்கவுமில்லை. வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனிடம், தான் பெற்ற வளத்தை எடுத்துக்கூறி, அதே வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டினான். இவ்வாறு வழிகாட்டும் முறையில் அமைந்த நூல்வகையே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் பொருநரையும் பாணரையும் கூத்தரையும் வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துகின்றன. பாராட்டுக்குக் கலைஞன் தரும் சிறந்த மறுமொழி, அதை மனமுவந்து ஏற்று, தன்னோடு நின்றுவிடாமல் அடுத்த கலைஞனிடம் கொண்டுசேர்ப்பது என்னும் கொள்கை ஓர் இலக்கிய வகையாகவே உருப்பெற்ற நிலம் இது.

பிற்காலத்து இலக்கண மரபு இதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது. ஒருவர் எத்துணைத் துறைகளைக் கற்று முடித்திருந்தாலும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்று பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரப் பகுதியில் விதித்தார். நூலின் சிறப்புப்பாயிரத்தைப் பிறர் எழுத வேண்டும் என்னும் வழக்கத்துக்கு அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. ஆனால் அவரே சில விலக்குகளையும் வகுத்தார். அரசவைக்கு ஓலை வரையும்போதும், தம் ஆற்றலை உணராதவர்கள் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிர்ப்பவர் தம்மைப் பழித்த வேளையிலும் புலவர் தம்மைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவ்விதி. தற்புகழ்ச்சி பொதுவாக விலக்கத்தக்கது, ஆனால் மதிப்பு மறுக்கப்படும் இடத்தில் அதுவே கடமையாகவும் ஆகலாம் என்ற இந்த நுட்பமான வரையறை, இசைவாணரின் மறுமொழியை மதிப்பிடுவதற்கும் துணைநிற்கிறது.

ஏற்பதா, மறுப்பதா

பாராட்டுக்கு மறுமொழி கூறுவது ஏன் இத்துணைக் கடினமாக இருக்கிறது என்பதை உரையாடலை ஆராயும் மொழியியலாரும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அனிதா பொமரன்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், பாராட்டப்படுபவர் ஒரே நேரத்தில் இரண்டு கடப்பாடுகளுக்கு உட்படுகிறார் என்று காட்டினார். எதிரில் இருப்பவர் கூறும் கருத்தோடு உடன்படுவது உரையாடலின் பொது மரியாதை. தம்மைத் தாமே புகழாமல் இருப்பது மற்றொரு மரியாதை. ‘நன்றாகப் பாடினீர்கள்’ என்பவரோடு உடன்பட்டால் தற்புகழ்ச்சி ஆகிறது; உடன்படாவிட்டால் வந்தவரின் கருத்தைத் தள்ளியது ஆகிறது. இந்த இடுக்கிலிருந்து மீள்வதற்காக மக்கள் பாராட்டின் அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள், பெருமையை வேறொருவர்க்கு மாற்றிவிடுகிறார்கள், அல்லது பாராட்டியவரைத் தாமும் பாராட்டிவிடுகிறார்கள் என்பது அவ்வாய்வின் முடிபு.

கர்நாடக இசையுலகில் வழங்கும் மறுமொழிகள் அனைத்தையும் இம்மூன்று வழிகளுக்குள் அடக்கிவிடலாம். ‘ஏதோ பாடினேன்’ என்பது அளவைக் குறைத்தல். ‘குரு கிருபை’, ‘பகவான் சங்கல்பம்’, ‘பெரியவர்கள் ஆசி’, ‘பக்கவாத்தியம் அப்படி அமைந்தது’ என்பவை பெருமையை உரியவர்க்கோ உயர்ந்தவர்க்கோ மாற்றுதல். ‘கேட்கிறவர்கள் நன்றாக அமைந்தால் பாட்டும் நன்றாக வருகிறது’ என்பது பாராட்டியவர்க்கே பாராட்டைத் திருப்புதல். இவற்றுள் இரண்டாம் வழியே இம்மரபில் மிகுதியாகக் கையாளப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. இசை வாய்மொழியாகக் குருவிடமிருந்து சீடருக்கு வந்துசேரும் முறையில், பாடுபவர் கையாளும் ஒரு பிடி, அதாவது இராகத்தின் தனித்தன்மையை ஒரு நொடியில் காட்டிவிடும் சுரக்கோவை, பெரும்பாலும் அவருடைய குருவுக்கும் குருவின் குருவுக்கும் உரியதாகவே இருக்கிறது. ஆகவே ‘குரு கிருபை’ என்பது உபசார மொழி மட்டுமன்று. அது பல வேளைகளில் உண்மையின் நேரான கூற்று. வடநாட்டு இந்துஸ்தானி இசையில் குருவின் பெயரைச் சொல்லும்போது இசைவாணர் தம் காதைத் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் இவ்வுணர்விலிருந்து பிறந்ததே.

மேடையின் செவியும் அவையின் செவியும்

பாராட்டை மறுக்கத் தூண்டும் ஆழ்ந்த காரணம், பாடியவர்க்குத் தம் குறை தெரியும் என்பது. பாடகரின் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது. குரல் அதை முழுமையாக நிறைவேற்றுவதில்லை. மூன்றாவது சங்கதி, அதாவது ஒரு வரியை அதன் அடிப்படை மெட்டு மாறாமல் படிப்படியாக வளர்க்கும் மாற்றுவடிவங்களுள் ஒன்று, நினைத்த அழுத்தத்தோடு வரவில்லை. மேடையிலேயே புனைந்து பாடும் கற்பனைச் சுரத்தின் முடிவில் வைத்த கோர்வை, அதாவது கணக்கிட்டு அமைத்த சுரக்கோவை, பாடல் தாளத்தில் தொடங்கும் இடமாகிய எடுப்பில் வந்து விழுவதற்கு ஒரு நூலிழை தவறியது. இவற்றை அவையில் பெரும்பாலோர் அறிவதில்லை. ஏனெனில் அவர்கள் பாடப்பட்டதைக் கேட்டார்கள். பாடகரோ பாடப்பட்டதோடு பாட எண்ணியதையும் சேர்த்துக் கேட்டார். இரண்டுக்கும் இடையிலான தொலைவே அவர் மனத்தில் குறையாக நிற்கிறது.

இந்த உண்மையை மரபே ஒப்புக்கொண்டிருக்கிறது. கச்சேரியின் இறுதிப் பகுதியில் மத்தியமாவதி இராகத்தைப் பாடினால், அதுவரை நேர்ந்த பிழைகளின் தோஷம் நீங்கும் என்பது இசைவாணரிடையே வழங்கும் நம்பிக்கை. எந்தக் கச்சேரியும் குறையின்றி முடிவதில்லை என்பதையும், அந்தக் குறைக்கான கழுவாயைப் பாடலுக்குள்ளேயே செய்துவிட வேண்டும் என்பதையும் இந்நம்பிக்கை உணர்த்துகிறது. மத்தியமாவதியில் கழுவாய் தேடிய பிறகு, மேடையருகே வந்து நிற்கும் ரசிகரிடம் மீண்டும் தம் பிழைகளை வரிசையிட்டுச் சொல்ல வேண்டிய தேவை இசைவாணர்க்கு இல்லை.

மேலும், பாடுபவர் தம் இசையைக் கேட்கும் நிலையும் அவை அதைக் கேட்கும் நிலையும் இயல்பாகவே வேறு. பாடகர் தம் குரலைக் காற்றின் வழியாக மட்டுமன்றித் தம் தலையெலும்பின் அதிர்வு வழியாகவும் கேட்கிறார். மேடையில் வைக்கப்பட்ட சிறு ஒலிபெருக்கி தருவதைக் கேட்கிறார். அடுத்த தாளச் சுற்றாகிய ஆவர்த்தனத்தில் என்ன பாடுவது என்னும் எண்ணத்தின் நடுவே கேட்கிறார். அரங்கின் பத்தாம் வரிசையில் அந்த இசை எவ்வாறு ஒலித்தது, அங்கே அமர்ந்திருந்தவரின் உள்ளத்தில் அது என்ன செய்தது என்பதை அவர் ஒருபோதும் நேரே அறிய முடியாது. அதைச் சொல்லக்கூடியவர் ரசிகர் ஒருவரே. ஆகவே பாராட்ட வந்தவரிடம் ‘இன்று சரியாக அமையவில்லை’ என்று மறுப்பது, தமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சியைப் பேசவிடாமல் தடுப்பதாகும். அன்றியும், நெஞ்சு நிறைந்து வந்த ஒருவரிடம் ‘நீங்கள் கேட்டது நல்ல இசையன்று’ என்று உணர்த்துவது, அவருடைய செவியையும் சுவையையும் தாழ்த்துவதும் ஆகும்.

இதற்கு மேலைநாட்டு இசை வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சான்று காட்டலாம். ரஷ்யப் பேரரசில் பிறந்த செல்லோக் கலைஞர் கிரிகோர் பியாதிகோர்ஸ்கி தம் தன்வரலாற்று நூலில் அதைப் பதிவுசெய்துள்ளார். இளமையில் அவர் பெருங்கலைஞர் பாப்லோ கசால்சின் முன்னே வாசிக்க நேர்ந்தபோது, பதற்றத்தால் மிக மோசமாக வாசித்ததாகவே உணர்ந்தார். கசால்சோ ஒவ்வொரு முறையும் மனமுவந்து பாராட்டினார். அந்தப் பாராட்டு பொய்யானது என்றே இளைஞர் கருதி வருந்தினார். பல ஆண்டுகள் கழித்து, நெருங்கிப் பழகிய பின், அதை அவர் கசால்சிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். கசால்ஸ் சினந்து, செல்லோவை எடுத்து, அன்று பியாதிகோர்ஸ்கி வாசித்த ஒரு சொற்றொடரை வாசித்துக் காட்டி, அந்த விரல்வைப்பு தமக்குப் புதிதாக இருந்ததென்றும், ஓர் இடத்தில் அவர் வில்லை இழுத்த முறை தம்மைக் கவர்ந்ததென்றும் நினைவூட்டினார். குறைகளை எண்ணி மதிப்பிடும் வேலையை அறியாதவர்க்கு விட்டுவிடலாம், தாம் ஒரே ஒரு நல்ல சுரத்துக்குக்கூட நன்றி பாராட்டக்கூடியவர் என்பதே அவர் கூறியதன் பொருள். பாராட்டியவர் பொய் சொல்லவில்லை. பாராட்டப்பட்டவர்தான் தம் குறைகளின் இரைச்சலில் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்கத் தவறிவிட்டார்.

கச்சேரியின் இடையிலும் இறுதியிலும்

பாராட்டு எந்த நேரத்தில் வெளிப்படுகிறது என்பதைப் பொறுத்து அதற்கான மறுமொழியின் எடையும் மாறுகிறது. ஐரோப்பிய இசையரங்கில் பழங்காலத்து அவை இடையிடையே ஆரவாரம் செய்தது. 1778 ஜூன் 18 அன்று பாரிஸில் மொசார்ட்டின் புதிய சிம்பனி ஒன்று அரங்கேறியபோது, மக்களைக் கவரும் என்று தெரிந்தே அவர் முதல் பகுதியின் நடுவில் வைத்திருந்த ஓரிடத்தில் அவை உடனே கைதட்டியதை, அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மகிழ்வோடு தெரிவித்தார். அடுத்த நூற்றாண்டின் போக்கில் அவ்வவைகள் மௌனம் காக்கப் பழகின. பாராட்டு முழுவதும் இறுதிக்குத் தள்ளப்பட்டது. கைதட்டல் என்னும் வழக்கமே இசைக்கு ஊறு என்று 1962இல் எழுதிய கனடிய பியானோக் கலைஞர் கிளென் கூல்ட், 1964இல் பொதுமேடையை விட்டே விலகி ஒலிப்பதிவுக் கூடத்தைத் தேர்ந்துகொண்டார். பாராட்டிலிருந்து முற்றிலும் விடுபட விரும்பும் கலைஞர் அவையிலிருந்தே விடுபட வேண்டியிருக்கிறது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

கர்நாடக இசையவை இவ்வாறு மௌனத்துக்குப் போகவில்லை. இராகத்தைப் பாடல்வரியின்றி விரிக்கும் ஆலாபனையின் நடுவே ‘பலே’ என்றும் ‘பேஷ்’ என்றும் ‘ஆஹா’ என்றும் எழும் குரல், தலையசைப்பு, நாவால் உச்சுக்கொட்டுதல், தொடையில் தாளமிடும் கை ஆகிய யாவும் அந்தந்த நொடியிலேயே தரப்படும் பாராட்டுகள். பாடகரும் அந்த நொடியிலேயே மறுமொழி தருகிறார். முன்வரிசையில் ஒருவர் ரசித்த பிடியை இன்னொரு கோணத்தில் மீண்டும் காட்டுவதும், வயலின் கலைஞர் திருப்பி வாசித்ததைப் பாடகரே ‘சபாஷ்’ என்று பாராட்டுவதும், தனி ஆவர்த்தனம் எனப்படும் தாளவாத்தியத் தனிப்பகுதி முடிந்ததும் அவை கைதட்டப் பாடகர் மிருதங்கக் கலைஞரை நோக்கித் தலைதாழ்த்துவதும் சொல்லில்லாத மறுமொழிகள். துண்டுச்சீட்டில் வரும் வேண்டுகோளை ஏற்று துக்கடா எனப்படும் சிறு உருப்படி ஒன்றைப் பாடுவதும் அவ்வாறானதே.

1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், பண்டிட் ரவிசங்கர் குழுவினர் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்து முடித்தபோது, அதையே இசை என்று எண்ணி அவை கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புவதாகக் கூறி ரவிசங்கர் நன்றி சொன்னார். தவறான இடத்தில் வந்த பாராட்டையும் அவர் தள்ளிவிடவில்லை. அதை ஏற்று, வரவிருக்கும் இசையின் பக்கம் அவையின் கவனத்தைத் திருப்பினார். அறியாமையால் பிறந்த பாராட்டுக்கும் இனிய மறுமொழி உண்டு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இடையிலேயே இவ்வளவு பாராட்டு நடந்துவிடும் மரபில், மங்களத்துக்குப் பின் மேடையருகே வருபவர் இசையை மதிப்பிட்டுச் சொல்வதற்காக மட்டும் வருவதில்லை. அவையில் ஒருவராக இருந்தவர் தனி மனிதராக அறிமுகமாக விரும்புகிறார். ‘அம்மா இருந்தவரைக்கும் இந்தப் பாட்டைத்தான் பாடுவாள்’ என்று கண் கலங்கச் சொல்பவர் பாட்டின் தரத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் வாழ்வின் ஒரு பகுதியை நம்பிக்கையோடு ஒப்படைக்கிறார். அங்கே ‘குரு கிருபை’ என்னும் பழகிய சொல் போதாது. நின்று, முகம் பார்த்து, அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருப்பதே மறுமொழி.

பாராட்டின் வகைகளும் யாழ்ப்பாணரின் வழியும்

எல்லாப் பாராட்டும் ஒரே தன்மையன அல்ல என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழி பொருந்தாது. ‘பிரமாதம்’ என்னும் பொதுச்சொல்லுக்கு ஒரு வணக்கமும் ‘மிகவும் சந்தோஷம்’ என்னும் சொல்லும் போதும். ‘பைரவி நிரவலில் கீழ்ஸ்தாயியில் நின்றீர்களே, அந்த இடம்’ என்று குறிப்பிட்டுச் சொல்பவர்க்கு அந்த இடத்தைப் பற்றியே ஓரிரு சொல் பேசுவது, அவர் கூர்ந்து கேட்டதற்குச் செய்யும் கைம்மாறு. நிரவல் என்பது ஒரு வரியின் சொற்களைத் தாளத்தில் அவற்றுக்குரிய இடத்தில் வைத்துக்கொண்டே இராகத்தை விரித்துப் பாடும் முறை ஆதலின், அதைக் கவனித்துச் சொல்பவர் தேர்ந்த ரசிகராகவே இருப்பார். ‘ரொம்ப நன்னா இருந்தது, ஆனா தமிழ்ப் பாட்டு இன்னும் ரெண்டு பாடியிருக்கலாம்’ என்று பாராட்டோடு குறையும் சேர்த்துச் சொல்பவரிடம் வாதாடாமல், அடுத்த கச்சேரிக்கு அதைக் கருத்தில் கொள்வதாகக் கூறுவது நேர்மையான மறுமொழி, அது மெய்யாகவே கருத்தில் கொள்ளப்படுமானால். பெண் கலைஞர்களிடம் புடவையையும் நகையையும் மட்டும் புகழ்ந்துவிட்டு இசையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போகும் பழக்கம் இன்றும் மறையவில்லை. அன்பால் சொல்லப்படும் அச்சொற்களை முறிக்காமல், ‘பாட்டு எப்படி இருந்தது’ என்று திருப்பிக் கேட்கும் உரிமை அக்கலைஞர்களுக்கு உண்டு.

மிகவும் இடர் தருவது, ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரைத் தாழ்த்தும் பாராட்டு. இன்னாரைக் காட்டிலும் தாங்கள் மேல் என்றோ, குருவையே மிஞ்சிவிட்டீர்கள் என்றோ, பக்கவாத்தியம் சுமார், தங்கள் பாட்டுதான் கச்சேரியைக் காப்பாற்றியது என்றோ சொல்லப்படுவது அது. இவ்வகைப் பாராட்டைப் பெற்ற ஓர் இசைவாணரின் துயரை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் ஆழ்ந்து காட்டுகிறது. திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் அமைத்து வாசித்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய தாய் பிறந்த ஊராகிய தருமபுரத்துக்கு இருவரும் சென்றபோது, உறவினர்கள் யாழ்ப்பாணர்மேல் வைத்த அன்பின் மிகுதியால், அவர் யாழில் வாசிப்பதனாலேயே பதிகத்தின் இசை உலகில் பரவுகிறது என்று பாராட்டினர். அது கேட்டு நடுங்கிய பாணர், அந்த இசை தம் கருவிக்குள் அடங்காதது என்பதை உலகம் உணருமாறு ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று சம்பந்தரிடம் விண்ணப்பித்தார். சம்பந்தர் பாடிய பதிகம் யாழின் நரம்புகளுக்குள் அடங்கவில்லை. அதனால் அது யாழ்முரி என்று பெயர் பெற்றது. மனமுடைந்த பாணர் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து, யாழை வாங்கி, கருவியில் இயன்ற அளவு வாசித்தால் போதும் என்று தேற்றி, அதை அவர் கையிலேயே திரும்பத் தந்தார்.

இசைவாணர்க்குரிய பாராட்டு அறம் முழுவதும் இந்நிகழ்ச்சியில் இருக்கிறது. உறவினரின் சொல்லில் வஞ்சனை இல்லை. ஆனால் பாடலை இயற்றியவர்க்குரிய பெருமையை அது வாசித்தவர்க்கு ஏற்றிவிட்டது. அதைக் கேட்டு வாளாவிருக்காமல் பெருமை யாருக்கு உரியது என்பதை உடனே தெளிவுபடுத்த முயன்றது பாணரின் உயர்வு. அதே நேரத்தில், தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் வேகத்தில் கருவியையே அழிக்கத் துணிந்தது எல்லை கடந்த செயல். சம்பந்தர் அதை அனுமதிக்கவில்லை. பிறர்க்குரிய பெருமையை அவர்களிடம் சேர்ப்பது கடமை. தமக்குரிய கலையை இகழ்ந்துகொள்வது கடமையன்று. ‘நான் பாடியதெல்லாம் ஒரு பாட்டா’ என்று தம்மையே பழித்துக்கொள்ளும் இக்காலத்து இசைவாணரும் யாழை உடைக்க ஓங்குபவர்தாம்.

பக்கவாத்தியக் கலைஞர்களைத் தாழ்த்தும் பாராட்டுக்கு இவ்வழியே மறுமொழி காணலாம். கச்சேரி களைகட்டுவதற்கு வயலினும் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் எத்துணைக் காரணம் என்பதை மேடையில் அமர்ந்தவர் அறிவர். ஆனால் பாராட்ட வருபவர்களின் வரிசை பெரும்பாலும் நடுவில் அமர்ந்தவரிடமே முடிந்துவிடுகிறது. அவ்வேளையில் ‘அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தோடிக்கு அவர் கொடுத்த பதிலால்தான் எனக்கு அடுத்த வழி கிடைத்தது’ என்று வயலின் கலைஞரைக் காட்டும் பாடகர், ஆற்றுப்படை பாடிய பழைய பொருநனின் வழியில் நிற்கிறார்.

அடக்கமும் தன்மதிப்பும்

குருவுக்கும் இறைவனுக்கும் பெருமையைச் சேர்க்கும் மறுமொழி எவ்வளவு உண்மையானதாயினும், அதில் ஒரு மறைவும் உண்டு. விடியற்காலையில் அகார சாதகம் செய்த குரலும், தோல் காய்த்துப்போன விரல்களும், மூச்சை அடக்கிப் பழகிய நெஞ்சும் அச்சொல்லுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன. உழைப்பு அருளாகவே பேசப்படும் இடத்தில் அதற்குரிய ஊதியமும் மதிப்பும் குறைவாகத் தரப்படுவது எளிதாகிறது. நாதஸ்வரத்தைக் கேட்டு உருகியவர்களே, அதை வாசித்தவர்களைத் தமக்குச் சமமாக அமர்த்தத் தயங்கிய காலம் தமிழ்நாட்டில் இருந்தது. அக்காலத்தில் நாதஸ்வரக் கலைஞர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தம் கலைக்கும் கலைக்குலத்துக்கும் உரிய மரியாதையைத் தலைநிமிர்ந்து கேட்டுப் பெற்றார். அவருடைய பெருமிதத்தைச் செருக்கு என்று கொள்வது, அவர் எதிர்கொண்ட சமூகத்தை மறந்துவிட்டுச் செய்யும் மதிப்பீடு. தம் ஆற்றலை உணராதவர் நடுவிலும் பழிப்பவர் முன்னும் தன்னைப் புகழ்தல் தகும் என்று நன்னூல் வகுத்த விலக்கு அவருக்கு முற்றும் பொருந்தும்.

மறுபக்கத்தில், பாராட்டைச் செயலால் திருப்பியளித்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி (1916–2004). 1968இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண்மணியும், 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞரும் ஆகிய அவர், நற்பணிகளுக்கு நிதி திரட்டும் கச்சேரிகள் பலவற்றைப் பாடினார். 1974இல் அவருக்கு மகசேசே விருது பொதுச்சேவைக்காகவே வழங்கப்பட்டது. அவையின் பாராட்டு அவர்மேல் குவிந்தது. அதை அவர் மருத்துவமனைகளுக்கும் அறநிலையங்களுக்கும் ஆற்றுப்படுத்தினார். ராஜரத்தினம் பிள்ளையின் நிமிர்வும் சுப்புலட்சுமியின் பணிவும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இருவருமே பாராட்டைத் தம் ஒருவர்க்குரிய உடைமையாக வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் அதைத் தம் கலைக்குலத்தின் மதிப்பாக மாற்றினார், மற்றவர் மக்களின் நலனாக மாற்றினார்.

நிறைவாக

இசை பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் மேடையில் அமரும் முறையையும், உருப்படிகளை வரிசைப்படுத்துவதையும், மைக்கின்முன் குரலை அளந்து வைப்பதையும் சீடர்க்குக் கற்பிக்கிறார்கள். பாராட்டை ஏற்கும் முறையையும் அவற்றோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும். வந்தவர் சொல்லி முடிக்கும்வரை கேட்க வேண்டும். மறுக்காமல் நன்றி சொல்ல வேண்டும். குருவையும் பாடலாசிரியரையும் உடன் வாசித்தவர்களையும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும். குறை தெரிந்திருந்தால் அதை மனத்தில் குறித்துக்கொண்டு மறுநாள் காலைச் சாதகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவே அதன் பாடத்திட்டம்.

சபாக்களை நடத்துவோர் ஒரு கச்சேரிக்கும் அடுத்த கச்சேரிக்கும் இடையே சிறிது நேரம் ஒதுக்கி, கலைஞரும் ரசிகரும் அவசரமின்றி இரண்டு சொல் பேசிக்கொள்ள வழிசெய்தல் நலம். ரசிகர்களும் ‘பிரமாதம்’ என்பதோடு நில்லாமல், தம்மை எது தொட்டதோ அதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பாடியவரோடு வயலின், மிருதங்க, கடக் கலைஞர்களிடமும், பின்னே அமர்ந்து தம்புரா மீட்டியவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் அரங்கை விட்டுப் போகலாகாது.